கிளை அலுவலரின் மனநிறைவு

காலையில் சென்னியப்பன் சார் எழுதிய குறிப்பை மத்தியானம் சென்னியப்பன் சாரே திருப்பி அனுப்பிவிட்டார். நீல மையில் அரைப் பக்கத்துக்கு முத்து முத்தாக எழுதியிருந்ததன் கீழே, பச்சை மையில் ஒரே வரி: ‘மனுதாரர் இறந்தவருக்கு என்ன உறவு என்பது தெளிவாக இல்லை. மீளச் சமர்ப்பிக்கவும்.’ கோப்பு எதுவானாலும் என் மேசை வழியாகத்தான் உள்ளே போகும், என் மேசை வழியாகத்தான் வெளியே வரும். இன்னும் ஈரம் காயாத அந்த வரியைப் படித்துவிட்டு உள்ளறையை எட்டிப் பார்த்தேன். துண்டு விரித்த பெரிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் கைப்பித்தான்கள் இரண்டும் போட்டிருந்தன. அப்படியென்றால் இப்போது அவர் அலுவலர். கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே வருவார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு எனக்கு எதிரே இருக்கும் மர நாற்காலியில் உட்காருவார். கோப்பைப் பிரித்துப் பச்சை வரியைப் படித்ததும் முகம் சுண்டிப்போகும். அப்போது அவர் கண்காணிப்பாளர்.

இதை வெளியில் சொன்னால் ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள். முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் கிறுக்கில்லை, ஒழுங்கானவர். அளவுக்கு மீறி ஒழுங்கானவர், அவ்வளவுதான். திருப்பூர் தனி மாவட்டமான அந்த வருடம், ஆள்பேர் இல்லாமல் செத்தவர்களின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் அலுவலகத்துக்கும் சீர்திருத்தம் வந்தது. அதுவரை எல்லாமே சென்னைதான். எந்த மூலையில் யார் வாரிசில்லாமல் செத்தாலும், அவர் விட்டுப்போன வீடோ வயலோ தகரப்பெட்டியோ ஒரு எண் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பி வந்தது என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. இனி அதிகாரத்தைப் பரவலாக்குகிறோம் என்று ஆணை போட்டு, சில மாவட்டங்களில் கிளை திறந்தார்கள். கிளைக்கு ஓர் அலுவலர், ஒரு கண்காணிப்பாளர், இரண்டு உதவியாளர்கள் என்று ஆணையில் வரிசையாக இருந்தது. திருப்பூருக்கு வந்து சேர்ந்தது கண்காணிப்பாளர் சென்னியப்பன் சாரும், ஒப்பந்தத்தில் எடுத்த தட்டச்சர் அனுசுயாவாகிய நானும். அலுவலர் பதவி காலி. அதையும் அவரே கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும்படி இன்னோர் உத்தரவு வந்தது.

எழுதுகிறவர் ஒருவர், அதைப் பார்த்து ஒப்புக்கொள்கிறவர் ஒருவர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஆள். அவரோ முப்பத்தொரு வருடம் தலைமை அலுவலகத்தில் நீல மையில் எழுதி எழுதி மேலே அனுப்பியவர். ஒருத்தன் எழுதியதை இன்னொருத்தன் சந்தேகப்பட்டால்தான் அரசாங்கம் நிற்கும் என்பது அவருடைய நம்பிக்கை. சந்தேகப்பட ஆளில்லாத இடத்தில் பாவம் என்ன செய்வார், தன்னையே சந்தேகப்பட்டார். காலையில் சின்ன நாற்காலி, நீல மை. சாப்பாட்டுக்குப் பிறகு முகம் கழுவி, கைப்பித்தான் போட்டு, பெரிய நாற்காலி, பச்சை மை. அலுவலர் ஆனதும் குரல்கூடக் கொஞ்சம் தடித்துப்போகும். ஒரு நாள் மணியடித்து என்னைக் கூப்பிட்டு, “சூப்பரண்டு எங்க போனாருங்க கண்ணு?” என்று கேட்டுவிட்டு, கேட்டது மனதில் உறைத்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். நானும் எதுவும் கேட்காதவள்போல வந்துவிட்டேன்.

எங்கள் அலுவலகம் ஓர் எம்பிராய்டரி கம்பெனியின் மேல்மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை மெல்ல அதிரும். பக்கத்துக் கட்டிடத்தில் பனியன் துணி வெட்டுகிறார்கள்; அந்தப் பஞ்சுத்தூசி சன்னல் வழியாக வந்து நாள் முழுக்க வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். பின்னறையில் சென்னையிலிருந்து ஒரே லாரியில் வந்திறங்கிய சாமான்கள். நாற்பத்து மூன்று உருப்படி. தகரப்பெட்டிகள், சூட்கேஸ்கள், சாக்கில் கட்டிய பாத்திரங்கள், தலை மட்டும் இருந்த ஒரு தையல் மெஷின், ஒரு ஆர்மோனியம், வெறும் குடை ஒன்று. எல்லாவற்றிலும் சணல் கயிறு, அரக்கு முத்திரை, பேர் எழுதிய அட்டை. எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்களுடையவை. பிழைக்க வந்து, இங்கேயே செத்து, சாமான் மட்டும் சென்னைக்குப் போய் வருடக்கணக்கில் இருட்டில் கிடந்து, மறுபடியும் திருப்பூருக்கே வந்து சேர்ந்திருந்தன. மெஷின் ஓடும்போதெல்லாம் அந்த அறையில் பூட்டுகளும் கைப்பிடிகளும் ஏதோ முணுமுணுக்கும். கரண்ட் போனால் சட்டென்று அடங்கிவிடும். அப்போது நானும் டைப் அடிப்பதை நிறுத்துவேன். நாற்பத்து மூன்று பேர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பதாக இருக்கும். பயமெல்லாம் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கண் செருகும் நேரத்தில், இவர்கள் யாரும் சாகவில்லை, பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கத்தான் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது.

ஒச்சம்மாள் முதன்முதலில் வந்தது சித்திரை மாத வெயிலில், ஒரு வியாழக்கிழமை. பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை அவளுக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே ஒரு மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தாள். சென்னைக்கு அவள் போட்ட கடிதங்களின் நகல்கள். ஒன்பது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலும் ஒன்பது.

“ஆபீசு இங்கிட்டே வந்துருச்சுன்னாக. ஜெயபாண்டின்னு பேரு, நிட்டிங் ஃபிட்டரு. அவுக பையி வந்துருச்சா தாயி?”

வந்திருந்தது. பத்தொன்பதாம் எண், பழுப்பு ரெக்சின் பை. கூட்டிப்போய்க் காட்டி, அட்டையோடு இருந்த பொருள் பட்டியலையும் படித்துச் சொன்னேன். அவள் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, தூங்குகிற ஆளை எழுப்பலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு என் மேசைக்கு வந்து விண்ணப்பப் படிவத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். ‘இறந்தவருக்கு மனுதாரர் என்ன உறவு’ என்ற இடத்தில் நின்றுபோனோம்.

“என்னன்னு போட? கெட்டுனவன் உசிலம்பட்டிப் பக்கம் இன்னமும் இருக்கான். இவுக கூட நாலு வருசம். ஞாயித்துக்கெழமையானா வீட்டுக்கு வருவாக. அதுக்கு ஒரு பேரு இருந்தா நீயே போடு தாயி.”

எனக்கும் ஒரு பேர் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். தானாகவே சொன்னாள். ஜெயபாண்டிக்கு நிட்டிங் கம்பெனியின் மாடியறையிலேயே தங்கல். மற்ற நாட்களில் அங்கே, ஞாயிறு மட்டும் இவளுடைய லைன் வீட்டில். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் இப்படி வந்து வந்து போக வேண்டாம், வந்தால் நாலு பேர் பார்க்க மொத்தமாக வந்துவிடு என்று இவள் சொல்லியிருக்கிறாள். பார்க்கலாம் என்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறியவர், குண்டடம் தாண்டுவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். ஊரில் அவருக்கு யாரும் இல்லை. போலீஸ், கோர்ட், சென்னை என்று பை போன பிறகுதான் இவளுக்குச் சேதியே வந்திருக்கிறது. கம்பெனியும் அந்த மாதமே மெஷின்களை விற்றுவிட்டு மூடிவிட்டது.

“லிஸ்டுல இரும்புச் சாமான் ஏழுன்னு போட்டிருக்காமே. அது அவுக டூல்ஸான்னு மட்டும் பாத்துச் சொல்லிரு தாயி. பையி கூட எனக்கு வேணாம்.”

இவள் கேட்பது என்னவென்று இந்தத் திருப்பூரில் எத்தனை பேருக்குப் புரியுமோ, எனக்குப் புரிந்தது. என் அப்பா சுடலையும் நிட்டிங் ஃபிட்டர்தான், பனியன் துணி பின்னும் மெஷின்களைச் சரிபார்க்கிறவர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்தபோது எனக்கு ஐந்து வயது. ஃபிட்டர்களின் டூல்ஸ் கம்பெனி கொடுப்பதில்லை, அவர்களே வாங்கிச் சேர்த்தது. கல்யாணம், கோயில் கொடை, கருமாதி என்று ஊருக்குப் போகிற ஃபிட்டர் டூல்ஸைக் கம்பெனி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவான். டூல்ஸைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் போனால் அவன் திரும்பி வரமாட்டான். ஓனர்கள் எல்லோருக்கும் இது தெரியும். திங்கட்கிழமை ஃபிட்டர் வரவில்லை என்றால் ஆளைத் தேட மாட்டார்கள், அலமாரியைத்தான் திறந்து பார்ப்பார்கள். ஒச்சம்மாளுக்குத் திறந்து பார்க்க அலமாரி இல்லை. அவர் தன்னை விட்டுவிட்டுப் போனாரா, போய்விட்டு வருவதற்காகப் போனாரா என்பதுதான் ஆறு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. பட்டியல் எழுதிய யாரோ ஒரு புண்ணியவான், எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டு, இன்னதென்று எழுதச் சோம்பல்பட்டு, ‘இரும்புச் சாமான்கள், ஏழு’ என்று எழுதிவைத்துவிட்டான். பூட்டுச் சாவிகூட இரும்புச் சாமான்தான்.

அவள் போன பிறகு பின்னறைக்குப் போய்ப் பையை வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்தேன். கனமாக, நீளமாக ஏதோ இருந்தது. அதற்கு மேல் ரெக்சின் எதையும் சொல்லவில்லை. அலுவலரின் எழுத்தாணை இல்லாமல் அரக்கை உடைத்தால் என் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது.

ஆணை கிடைக்க வழி இருந்தது. சீர்திருத்த ஆணையின் பதினோராவது பத்தியில், மதிப்புக் குறைந்த அசையும் பொருட்களை, வாரிசுச் சான்று இல்லாத நேர்விலும், கிளை அலுவலர் தம் மனநிறைவின்பேரில் விடுவிக்கலாம் என்று அச்சடித்திருந்தார்கள். அதிகாரப் பரவலாக்கம் என்று சொன்னார்களே, அதன் மொத்தச் சாரமும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. கண்காணிப்பாளர் சென்னியப்பன் நல்ல மனிதர். ஒச்சம்மாளின் ஒன்பது கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கி, பதினோராவது பத்தியை மேற்கோள் காட்டி, ‘விடுவிக்கலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதினார். அலுவலர் சென்னியப்பன் திருப்பினார். ‘மனுதாரர் இறந்தவருக்குத் தெரிந்தவர்’ என்று கண்காணிப்பாளர் விளக்கினார். ‘தெரிந்தவர் என்பது உறவாகாது’ என்றார் அலுவலர். பிறகு அலுவலருக்கே தாளவில்லையோ என்னவோ, நான் மனநிறைவு கொள்ளலாமா என்று சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினார். டைப் அடித்தது நான்தான். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அதிகாரம் பரவலாக்கப்பட்டுவிட்டபடியால் கிளை அளவிலேயே முடிவு செய்துகொள்ளவும் என்று இரண்டு வரி. அந்தக் கடிதத்தை அவர் மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து, மடிப்பு கிழிந்தேபோயிற்று.

“மேல பாத்துப் பாத்தே எனக்குக் கழுத்து அப்புடியே நின்னுபோச்சுங்க கண்ணு. இப்ப மேல பாத்தா ஓடுதான் தெரியுது” என்றார். சின்ன நாற்காலியில் இருக்கும்போதுதான் இப்படியெல்லாம் பேசுவார்.

ஒச்சம்மாள் வியாழன்தோறும் வந்தாள். வேலைக்கு லீவு போட முடியாத வியாழன்களில் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்து பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போவாள். கேள்வி எதுவும் கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டு பின்னறைக்குப் போய், பத்தொன்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். கண்காணிப்பாளர் இருக்கும் நேரமென்றால் பேசாமல் விட்டுவிடுவார். அலுவலர் இருக்கும் நேரமென்றால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார், பார்க்காததற்கு அவர் பொறுப்பில்லை. ஒரு நாள் நான் போய்ப் பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முடியிலும் சேலையிலும் தூசி படிந்து, சுற்றியிருந்த பெட்டிகளில் படிந்திருந்ததும் அவள்மேல் படிந்திருந்ததும் ஒரே நிறமாகிவிட்டிருந்தது. கீழே மெஷின் ஓட ஓட, அறை முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவளும் தூக்கத்தில் ஏதோ பதில் சொன்னாள். நாற்பத்து நாலாவது உருப்படி என்று ஒரு கணம் தோன்றிவிட்டது எனக்கு. தோன்றியதற்காக வெட்கப்பட்டு, சத்தம் போடாமல் திரும்பி வந்தேன்.

ஆடி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் கோப்பு வெளியே வந்தது. இந்த முறை பச்சை மையில் வரிகூட இல்லை, ஒற்றைச் சொல்: ‘பேசவும்.’

அரசு அலுவலகத்தில் இதற்கு, கோப்பை எடுத்துக்கொண்டு நேரில் வந்து விளக்கு என்று பொருள். சென்னையில் இந்தச் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு மேலதிகாரி அறைக்கு ஓடிய ஆள் அவர். பழக்கத்தில் எழுதிவிட்டார். வெளியே வந்து, கையை மடித்து, மர நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பைப் பிரித்தார். பார்த்ததும் எழுந்தார். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக் கதவு வரை போய், தட்டுவதற்கு விரலையும் மடக்கிவிட்டார். உள்ளே துண்டு விரித்த நாற்காலி காலியாக இருந்தது. மடக்கிய விரலோடு அப்படியே நின்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

“நான் யாரு கூடங்க கண்ணு பேசறது?”

“நீங்க உள்ள போய் உக்காருங்க சார். செக்‌ஷன் சார்பா நான் வந்து பேசுறேன்.”

“நீங்க காண்ட்ராக்ட் ஆளுங்களே. அதுக்கு ரூல்ல எடமிருக்குதுங்களா?”

“இல்லைன்னும் எழுதல சார்.”

கோப்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பித்தான் போடும் வரை காத்திருந்து கதவைத் தட்டினேன். “வாங்க” என்றது அலுவலர் குரல். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கோப்பை விரித்து வைத்தேன்.

“ஒறவு என்னன்னே போடலீங்களே?”

“போடுறதுக்குப் பேரு இல்ல சார்.”

“பேரில்லாததுக்குப் பொருளக் குடுத்துப்போட்டு, நாளைக்கு வேறொருத்தர் வந்து நின்னாங்கன்னா?”

“ஆறு வருஷமா வேற யாரும் நிக்கல சார். இவங்க மட்டுந்தான் ஒம்போது லெட்டர் போட்டிருக்காங்க.”

“அப்பிடி என்னதானுங்க இருக்குது அந்தப் பையில?”

சொன்னேன். ஃபிட்டர், அலமாரி, டூல்ஸ், அந்த ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பைப் பார்க்கவில்லை. சன்னல் வெளிச்சத்தில் இறங்கிக்கொண்டிருந்த தூசியைப் பார்த்தபடி கேட்டார்.

“டூல்ஸா இருந்துச்சுன்னா?”

“விட்டுட்டுப் போனாருன்னு ஆயிரும்.”

“அப்பறம் தெரியாமயே இருந்துட்டாத் தேவலைங்களே?”

நானும் இதைப் பல நாள் யோசித்திருந்தேன். யோசித்து வேறெங்கும் போய்ச் சேரவில்லை. “அவங்க தெரியணும்னு கேக்குறாங்க சார்” என்றேன்.

அவர் பேசியபோது அது பெரிய நாற்காலியின் குரலாக இல்லை. “எனக்கு ஊரு குண்டடம் பக்கந்தானுங்க. தெனமும் அந்த ஸ்டாப்பிங்லதான் ஏறி எறங்கறன். இந்த ஃபைலப் படிச்சதுக்கப்பறம், பஸ் அங்க வந்து நின்னா ஒவ்வொரு சீட்டாப் பாக்கறனுங்க. எதுல உக்காந்திருந்தாரோன்னு. சன்னலோரம் ஆராச்சும் கண்ண மூடிச் சாஞ்சிருந்தா நெஞ்சு திக்குங்குது.” டம்ளரை நகர்த்தி வைத்தார். “முப்பத்தொரு வருசத்துல உனக்கு மனநிறைவான்னு ஒருத்தருங் கேட்டதில்லீங்க கண்ணு. திடுதிப்புன்னு ஆணை போட்டுக் கேக்கறாங்க. அது எப்புடி இருக்கும்னே எனக்குத் தெரியலீங்களே.”

எனக்கும் தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் பச்சைப் பேனாவைத் திறந்தார். ‘பேசப்பட்டது. மனநிறைவு அடைந்தேன். விடுவிக்க’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுதி முடித்ததும் அந்த மூன்றையும் வேறு யாரோ எழுதியதைப் படிப்பவராகப் படித்துப் பார்த்தார்.

அடுத்த வியாழனுக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போய், கீழே எம்பிராய்டரிப் பையன்கள் செல்போனில் இந்திப் பாட்டு வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, பிளேடை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அரக்கை உடைத்துப் பார்த்து, டூல்ஸாக இருந்தால் எடுத்து ஒளித்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பூட்டு ஏழைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? அவள் மிச்ச ஆயுளைச் சந்தோஷமாகக் கழிப்பாள். பத்தொன்பதாம் எண் என் முன்னால் அமைதியாக இருந்தது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. நல்ல குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம், மாட்டிக்கொள்வேனோ என்ற பயம்தான். பிளேடை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, இல்லாத வேலை ஒன்றை டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒச்சம்மாள் எண்ணெய் வைத்துத் தலை சீவி, மடிப்புக் கலையாத சேலை கட்டி வந்தாள். சென்னியப்பன் சார் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. சட்டையில் ஒரு கை மடித்திருந்தது, ஒரு கையில் பித்தான் போட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. பையை என் மேசைமேல் வைத்து, அட்டையைப் படித்துக்காட்டி, அரக்கை அவரே உடைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். சட்டை நான்கு. கைலி இரண்டு. இறுகிக் கல்லாகிப்போன பற்பசை. கண்ணாடி விரிசல்விட்ட ஒரு சாமி படம். அடியில், நாடா வைத்துக் கட்டிய ஒரு காக்கித் துணிச்சுருள்.

“இது நாந்தான் தச்சேன். அவுக பழைய பேண்டக் கிழிச்சு, கையூசியில.” சொல்லிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். “நீயே பிரி தாயி.”

நாடாவை அவிழ்த்தேன். ஆறு வருடம் கழித்தும் மெஷின் எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. என் அப்பாவின் சட்டை வாடை. துணியை உருட்டி விரிக்க விரிக்க, வரிசையாகத் தைத்த சின்னச் சின்ன அறைகளில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன: ஸ்க்ரூடிரைவர் இரண்டு, குறடு ஒன்று, ஸ்பேனர்கள். துருகூடப் பிடிக்கவில்லை, அவ்வளவு நன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, சென்னியப்பன் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கப் பயந்து, எண்ண ஆரம்பித்தார்.

“ஏழுங்க. பட்டியலோட சரியாப் போச்சுங்க” என்றார். சரியாகப் போனதற்காக வருத்தப்பட்ட அரசு அலுவலரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெறுகைச் சீட்டை எடுத்து, பொருட்களின் எண்ணிக்கையை எழுதப் பச்சைப் பேனாவைத் திறந்தார்.

“எட்டுன்னு எழுதுங்க சார்.”

அவள் குரல் நடுங்கவில்லை. கண் ஈரமாக இருந்தது, ஆனால் அழவில்லை. விரிந்து கிடந்த துணியின் நடுவில் ஓர் அறையைத் தொட்டுக் காட்டினாள். அது காலி. மற்ற ஏழையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

“எட்டு அறை வச்சுத் தச்சேன் சார். பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனர் இதுல இல்ல பாருங்க. அது ஏங் கட்டிலுக்கு அடியில கெடக்கு. அந்த ஞாயித்துக்கெழம, கட்டில் ஆடுதுன்னு நட்டு போல்ட்ட முறுக்கிவிட்டு, அங்கனயே வச்சுட்டுப் போனாக. இன்னவரைக்கும் நான் அத எடுக்கல. எடம் மாத்தல. ஒருத்தருட்டயும் சொல்லல.”

இரண்டு முனையிலும் அந்த இரண்டு அளவு வாய் கொண்ட பன்னிரண்டு-பதிமூன்று இல்லாமல் ஒரு ஃபிட்டரால் எந்தக் கம்பெனியிலும் அரை நாள் வேலை பார்க்க முடியாது. என் அப்பா அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார். அதை விட்டுவிட்டு ஒருத்தன் ஊரைவிட்டுப் போக மாட்டான். போகிற அவசரத்தில், போகிற குழப்பத்தில், ஒருத்தன் மறந்துவிட்டும் போகலாம். இரண்டும் என் நாக்கு நுனி வரை வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டேன்.

“மறந்து வெச்சுட்டுப் போயிருப்பாருங்களாம்மா?” என்று சென்னியப்பன் சார் மெதுவாகத்தான் கேட்டார்.

“ஒன்ன அவுக கையாலயே ஏங்கிட்ட குடுத்துட்டுப் போனாக சார். மிச்சம் ஏழையும் ஒங்க ஆபீசு வழியாக் குடுத்துவிட்டுருக்காக. எட்டுன்னு எழுதுங்க” என்றாள்.

பச்சைப் பேனா எண்ணிக்கைக்கு உரிய கட்டத்துக்கு மேலேயே நின்றது. பையில் இல்லாததை அவர் எழுத மாட்டார், எனக்குத் தெரியும். ஏழு என்று எழுதவும் அவரால் முடியவில்லை, அதுவும் தெரிந்தது. உள்ளறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. பேனாவை மூடி, அந்தக் கட்டத்தை வெற்றாகவே விட்டுச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க கையெழுத்தப் போடுங்கம்மா. எண்ணிக்கைய நான் அப்பறமா எழுதிக்கறனுங்க.”

முப்பத்தொரு வருடத்தில் வெற்றுக் கட்டத்தில் அவர் வாங்கிய முதல் கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும். ஒச்சம்மாள் துணியை ஒரு ஓரத்திலிருந்து சுருட்ட ஆரம்பித்தாள். பாதியில் காலி அறை வந்ததும் சுருள் நொடித்துக்கொண்டு நின்றது. அவள் இடது கையின் இரண்டு விரல்களை அந்த அறைக்குள் விட்டாள். அளவு சரியாக இருந்தது. விரல்களை வெளியே எடுக்காமல், மீதித் துணியையும் கையைச் சுற்றியே சுருட்டி, நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துக் கட்டினாள். பிறகு வலது கையால் என் பேனாவை வாங்கிக்கொண்டு, சீட்டின்மேல் குனிந்து, எழுத்துக்கூட்டி மெல்ல மெல்லத் தன் பேரை எழுதினாள்.